தினமும் பத்து ஆங்கிலச் சொல் படித்தும் பேசும்போது ஏன் வாயில் வருவதில்லை?

"ஆறு மாதமாகத் தினமும் பத்துச் சொல் நோட்டில் எழுதிப் படிக்கிறேன். பார்த்தால் பொருள் தெரிகிறது, பேசப் போனால் ஒன்றும் வருவதில்லை. விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விட வேண்டாம். ஆனால் இப்போது படிக்கிற மாதிரியே தொடரவும் வேண்டாம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் ஒற்றைச் சொல்லில் பொருள், அப்படித்தானே உங்கள் நோட்டு இருக்கும்? நானும் மூன்று நோட்டு அப்படி நிரப்பியவன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் பிரிவில் ஒரு மூத்த அதிகாரி ஓய்வு பெற்றார். நேரம் தவறி வந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பிரிவு உபசார விழாவில் அவரைப் பற்றி நான் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றார்கள். நோட்டிலிருந்து கனமான சொற்களாகப் பொறுக்கி உரை தயாரித்தேன். அதில் ஒன்று 'நொட்டோரியஸ்'. அதற்கு நேரே 'பேர்போன' என்று எழுதி வைத்திருந்தேன். நேரம் தவறாமைக்குப் பேர்போனவர் என்று தமிழில் சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே நினைப்பில் 'நொட்டோரியஸ் ஃபார் ஹிஸ் பங்க்சுவாலிட்டி' என்று மேடையில் வாசித்தேன். முன்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அவர் மட்டும் சிரிக்காமல் குனிந்து மேசையைப் பார்த்தார். முடிந்ததும் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு ஒரு நல்ல அகராதியைப் புரட்டினேன். கெட்ட காரியத்தால் பெயர் வாங்கியவர்களுக்குச் சொல்லும் சொல் அது. கொள்ளைக்காரனுக்கும் மோசடிக்காரனுக்கும் சொல்வதை எனக்குத் தொழில் கற்றுத் தந்தவருக்குச் சொல்லியிருக்கிறேன். மறுநாளே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன நெனச்சு எழுதினேன்னு எனக்குத் தெரியாதாப்பா" என்றார். அதற்குப் பிறகும் அது மனதில் கிடந்து அறுத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். விழாவுக்கு முதல் நாள் அந்த உரையை ஒரு சக ஊழியரிடம் காட்டினேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர். படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றார். அந்தச் சொல்லைக் கவனித்ததாகவும், சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று விட்டுவிட்டதாகவும் ஒரு மாதம் கழித்துச் சொன்னார். தனியாக ஒருவரிடம் திருத்தம் கேட்டால் வரும் வருத்தம் பெரிதா, கூட்டத்தின் நடுவில் நிற்பது பெரிதா? நம்பிக் கொண்டுவந்து காட்டுகிறவனிடம் தப்பைச் சொல்லாமல் இருப்பதை மரியாதை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, இன்றுவரைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பார்த்தால் புரிவது ஒரு திறமை, வேண்டும்போது எடுப்பது வேறு திறமை. சொல்லைப் பார்த்துப் பொருளை நினைவுபடுத்தத்தான் உங்கள் நோட்டு உங்களைப் பழக்கியிருக்கிறது. பேசும்போது நடப்பது தலைகீழ்: பொருள் மனதில் இருக்கும், சொல்லைத் தேட வேண்டும். அந்தத் திசையில் நீங்கள் ஒருநாளும் பழகவில்லை. அதனால் வரவில்லை. மூளை மந்தம் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, சொல் தனியாக வாழ்வதில்லை. தமிழ் இலக்கணத்தில் மரபுச்சொல் படித்திருப்பீர்களே. ஆடை நெய்தான், கூடை முடைந்தான், சுவர் எழுப்பினான். யாராவது 'கூடை நெய்தான்' என்றால் பொருள் புரியும், காதில் உறுத்தும். ஆங்கிலத்திலும் அப்படியே. 'மிஸ்டேக்' என்ற சொல்லோடு 'டூ' வராது, 'மேக்' வரும். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. வலப்பக்கத்து ஒற்றைச் சொல் இதில் எதையும் சொல்லித் தராது. ஆர்தர் ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தபோது, சொல்லை வாக்கியத்தில் எப்படிப் போடுவது என்றும் காட்டுகிற அகராதியைக் கற்பவர்களுக்கென்றே இருவரோடு சேர்ந்து தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் வந்தது. இன்றைய கற்போர் அகராதிகள் அந்த வழியில் வந்தவைதான். அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மாற்றிக்கொண்டது இதுதான். பத்தை மூன்றாகக் குறைத்தேன். நோட்டுக்குப் பதில் அட்டை. முன்பக்கம் நான் சொல்ல விரும்பும் வாக்கியம் தமிழில், அதன் கீழே அதே வாக்கியம் ஆங்கிலத்தில், படிக்கும் சொல்லின் இடம் காலியாக. பின்பக்கம் சொல். வாக்கியம் என் சொந்த வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ இருக்க வேண்டும். அட்டையைத் திருப்புவதற்கு முன் முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அட்டைகளை ஐந்து அறை உள்ள ஒரு பெட்டியில் வைக்கிறேன். சரியாக வந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், வராதது முதல் அறைக்கே திரும்பும். ஒவ்வொரு அறையையும் மறுபடி எடுத்துப் பார்க்க வரிசையாக 1, 2, 4, 8, 16 நாள் என்று இடைவெளி வைத்திருக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய பெட்டி முறை. கற்றது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து அளந்து 1885இல் எழுதினார். அதனால்தான் தொடக்கத்தில் நெருக்கியும் போகப்போகத் தள்ளியும் பார்க்கிறோம்.

மூன்று போதுமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். நாவலும் செய்தித்தாளும் உதவியில்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று சொல் கற்றலை ஆராய்ந்த பால் நேஷன் கணக்கிட்டிருக்கிறார், தெரியும். தினம் மூன்று என்றால் வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆனால் அது பேச்சுக்குக் கைகொடுக்கிற ஆயிரம். புரிந்துகொள்ள மட்டும் வேண்டிய சொற்கள் படிக்கப் படிக்கச் சேரட்டும். "புத்தகம் படித்தாலே போதும், அட்டையெல்லாம் வீண்" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாள் முழுக்க ஆங்கிலத்தில் படித்துப் பேசிப் புழங்குகிறவர்களுக்கு அது உண்மை. தினம் அரைமணி நேரம் மட்டும் கிடைக்கிறவருக்கு, ஒருமுறை கண்ணில் பட்ட சொல் மறுபடி எதிர்ப்பட மாதக்கணக்கில் ஆகலாம்.

வேர்ச்சொல், முன்னொட்டு படிக்கலாமா என்றால், படிக்கலாம். நம்பிவிடக் கூடாது. 'இன்' வந்தாலே எதிர்மறை என்று நினைத்தால் 'இன்ஃப்ளேமபிள்' எரியாதது ஆகிவிடும். அது எளிதில் தீப்பற்றக்கூடியது.

ஒரு நாளுக்கு ஒரு சொல் என்று அனுப்புகிற செயலிகளில் பாதி யாரும் பேசாத அரிய சொற்கள். உங்களுக்கு வேண்டியது அவை இல்லை. 'புட் ஆஃப்' (தள்ளிப்போடு), 'புட் அப் வித்' (பொறுத்துக்கொள்) போன்ற சின்னச் சின்னச் சேர்க்கைகள் தடங்கலில்லாமல் வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆறு மாதத்தில் 1800 சொல் எழுதியிருப்பீர்கள். அவற்றில், போன வாரம் யாரிடமோ சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஐம்பதுகூடத் தேறாது என்பது என் ஊகம். அந்த ஐம்பதுக்கு அட்டை எழுத ஆரம்பியுங்கள்.