முகத்துவாரம் அடைபட்டால் மீன் குஞ்சுகளுக்கு என்ன ஆகும்?

மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை மணல் மூடினால் உள்ளே மீன் ஏன் குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலைமீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது முட்டையிடுவது கடலில். ஒரு நாளளவில் பொரிக்கும் குஞ்சுக்கு நீரோட்டத்தை எதிர்க்க வலு கிடையாது. இரண்டு மூன்று கிழமை மிதந்து, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகே கரையை நாடும். பெரும்பாலானவை அதற்குள் அழிந்துவிடும்: மிதக்கும் நுண்ணிரை கிடைக்காமல், பெரிய மீன்களுக்கு இரையாகி, அல்லது நீரோட்டம் ஆழ்கடலுக்கு இழுத்துப்போய். கடல் சூடானால் வளர்ச்சி வேகமாகும், சரி, ஆனால் பசியும் கூடும்.

இவ்வளவும் தப்பி வரும் குஞ்சுக்கு முகத்துவாரம் என்ற வாசல் மூடியிருந்தால், வாவிக்குள் உள்ள கண்டல் மரங்களின் வேர் மறைவு கிடைக்காது. அதனால் மாரியில் வெள்ளம் வடிய முகத்துவார மணலை வெட்டும்போது, வெள்ளத்தை மட்டுமல்ல, குஞ்சுகளின் வரவையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்பேன். வாவி இறாலும் கடலில் பிறந்து வருவதுதான்.