கிரானைட் தூசியும் அப்பாவின் முடக்குவாதமும்

பதினெட்டு ஆண்டுகள் கிரானைட் அறுத்த அப்பாவுக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வந்ததற்குக் கல் தூசி காரணமா என்று கேட்டிருந்தீர்கள், சகோதரி. காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கல்லிலிருந்து கிளம்பும், கண்ணுக்கே தெரியாத சிலிகாத் தூள் நுரையீரலின் ஆழத்தில் தங்கி ஓயாத அழற்சியைக் கிளப்புகிறது. கிருமியைத் தாக்குவதற்குப் பதில் நம் உடலையே தாக்கும் எதிர்ப்பான்கள் அங்கே உருவாகத் தொடங்கலாம். மூட்டு வீங்குவது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1953இலேயே வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களில் முடக்குவாதம் உள்ளவர்களின் நுரையீரல் எக்ஸ்ரேயில் உருண்டையான கட்டிகளைக் கப்லான் என்ற மருத்துவர் கண்டு எழுதினார்.

பீடியும் பிடிக்கிறார் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. தூசியும் புகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அப்பாவின் தொழிலை முதலில் சொல்லுங்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்தைத் தொடங்குமுன் நெஞ்சு எக்ஸ்ரே அவசியம். அவர் மூக்கில் கட்டிக்கொள்ளும் துண்டு இந்தத் தூளைத் தடுக்காது.