கறுப்புப் படங்களின் வண்ணச் சுவரொட்டிகள்

ஃபிலிம் நுவார் எனப்படும், 1940களிலும் 50களிலும் ஹாலிவுட்டில் வந்த இருண்ட மனநிலையுள்ள குற்றப் படங்களின் பழைய சுவரொட்டிகளுள் அந்த வகைமையின் மனநிலையை மிகச் சரியாக உணர்த்துபவை எவை என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் தேர்வு, ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனம் 1947இல் வெளியிட்ட 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' படத்தின் அமெரிக்கச் சுவரொட்டி; இரண்டாவது, 1946இல் வந்த 'கில்டா'வினுடையது.

நுவார் என்றதும் ஜன்னல் சட்டங்களின் நிழலும், மழையில் நனைந்த தெருவும், தொப்பியணிந்த கரிய உருவமும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று இணையத்தில் 'ரெட்ரோ' என்று விற்கப்படும் அச்சுகளில் பலவும் இந்த நினைவை வைத்துப் பிற்காலத்தில் வரையப்பட்டவையே. அசல் சுவரொட்டிகளை முதன்முறை பார்ப்பவர் சற்றுத் திகைத்துப்போவார். படம் கறுப்பு வெள்ளையில் இருக்க, சுவரொட்டியில் மஞ்சளும் சிவப்பும் கொட்டிக் கிடக்கும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நீனோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் 1946இல் பிரான்சில் இப்படங்களைக் குறித்து 'நுவார்' என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது, ஹாலிவுட்டின் விளம்பரத் துறையினருக்கு அப்படியொரு வகைமை இருப்பதே தெரியாது. அவர்கள் விற்றது குற்றக் கதைகளை. அதற்கு நட்சத்திரத்தின் முகம், ஒரு முத்தம், ஒரு துப்பாக்கி ஆகியவையே போதுமானவையாக இருந்தன.

இந்த அலட்சியத்துக்கு நல்ல சான்று 1941ஆம் ஆண்டின் 'த மால்டீஸ் ஃபால்கன்'. சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கும் அதன் சுவரொட்டியில் கதாநாயகனாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி நிற்கிறார். படத்திலோ அவர் ஏற்ற துப்பறிவாளர் ஒரு முறைகூடச் சுடுவதில்லை. போதாக்குறைக்கு, சுவரொட்டியில் காணும் ஒட்ட வெட்டிய தலைமுடி அதே ஆண்டில் முன்னதாக வந்த 'ஹை சியெரா' படத்தில் அவருக்கு இருந்தது. அச்சுவரொட்டி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது அந்தப் படத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

'அவுட் ஆஃப் த பாஸ்ட்' இதற்கு நேர்மாறானது. வில்லியம் ரோஸ் வரைந்த அந்த ஓவியத்தில், கதாநாயகனாக நடித்த ராபர்ட் மிட்சமின் உதட்டில் ஒரு சிகரெட் தொங்குகிறது. இமைகள் பாதி தாழ்ந்திருக்கின்றன. கதையில் அவர், பழைய வாழ்க்கையிலிருந்து தப்பிச் சிற்றூர் ஒன்றில் பெட்ரோல் நிலையம் நடத்திக்கொண்டிருப்பவர். ஒருவனைச் சுட்டுவிட்டு நாற்பதாயிரம் டாலருடன் ஓடிப்போனவளாகச் சொல்லப்படும் பெண்ணைத் தேடிச் சென்று, அவளிடமே மனத்தைப் பறிகொடுத்தவர். அந்தக் கதை அறியாதவருக்கும் அம்முகத்தைப் பார்த்தவுடன், தனக்கு என்ன நேரப்போகிறது என்பது தெரிந்தும் விலகிச் செல்ல மனமில்லாத ஒருவனைப் பார்க்கிறோம் என்பது புரிந்துவிடும். பரபரப்பை விற்க வேண்டிய தாளில் களைப்பை வரைந்திருக்கிறார் ரோஸ். நுவாரின் சாரம் அந்தக் களைப்புதான் என்பது என் எண்ணம். இதன் மறுபதிப்பு ஒன்று பல ஆண்டுகளாக என் மேசைக்கு மேலே தொங்குகிறது.

'கில்டா'வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுவரொட்டிகள் உண்டு. நான் குறிப்பிடுவது, கில்டாவாக நடித்த ரீட்டா ஹேவொர்த் கையில் சிகரெட்டுடன் தனியாக, முழு உருவமாக நிற்பது. ஆயுதமில்லை, ஆணில்லை, 'கில்டாவைப் போல ஒரு பெண் இருந்ததேயில்லை' என்ற பொருள்படும் வாசகம் மட்டும் உண்டு. நுவார் ஆண்கள் அஞ்சியதும் விரும்பியதும் ஒன்றே என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறொரு சுவரொட்டியை நான் பார்த்ததில்லை. நம்மில் பலர் பார்த்திருக்கக்கூடிய 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படத்தில், ரோம் நகரத் தெருவொன்றில் கதைநாயகன் ஏணியில் ஏறி ஒட்டிக்கொண்டிருப்பதும் ரீட்டா ஹேவொர்த்தின் சுவரொட்டியே. அதன் சுருக்கங்களை அவன் நீவிக்கொண்டிருக்கும்போதுதான் சைக்கிள் திருடுபோகிறது.

ரோம் என்றதும் இத்தாலியப் பதிப்புகளையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் வழக்கமான சுவரொட்டி 27க்கு 41 அங்குலம். இத்தாலியின் பெரிய வடிவம் 140க்கு 200 சென்டிமீட்டர். ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனப் படங்களுக்கு அங்கே வரைந்த அன்செல்மோ பல்லெஸ்தர் அந்தப் பரப்பை ஓர் ஓவியரின் திரைச்சீலையாகவே கருதினார். முகத்தில் விழும் ஒளியைக் கொண்டே அச்சத்தை உணர்த்திவிடுவார். 'த பிக் ஹீட்' என்ற நுவார் படத்துக்கு அவர் வரைந்ததைத் தேடிப் பாருங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு குறிப்பு. அக்காலத்து அமெரிக்கச் சுவரொட்டிகள் திரையரங்குகளுக்கு மடித்தே அனுப்பப்பட்டன. ஆகவே மடிப்புக் கோடுகளைக் குறையாக எண்ண வேண்டாம், அவை இல்லாவிட்டால்தான் சந்தேகிக்க வேண்டும். கீழ் ஓரத்திலுள்ள எண்ணுக்கு முன் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது மறுவெளியீட்டுக்கு அச்சிடப்பட்டது. விலையைப் பேசும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.