அழும் குழந்தையை யார் வைத்துக்கொள்வது?

மதிப்புக்குரிய ஐயா,

என் மகளுக்கு எட்டு மாதம். நான் தூக்கினால் அழுகிறாள், அம்மாவிடம் போனதும் நிறுத்திவிடுகிறாள். மனைவியும் உடனே வந்து வாங்கிக்கொள்கிறாள். பாலூட்டுகிறவளிடம்தானே குழந்தை ஒட்டும், இயற்கை அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நான் சம்பாதிக்கிற வேலையைப் பார்க்கிறேன். பேச ஆரம்பித்ததும் என்னிடம் வந்துவிடுவாள் அல்லவா? அதுவரை ஒரு அப்பா என்ன செய்ய வேண்டும்? இந்த வயதுக்கு என்ன பொம்மை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

பொம்மையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போதைக்கு அவளுக்கு உங்கள் முகம் போதும். சம்பாதிப்பதைப் பற்றிய வாதத்துக்குள்ளும் நான் வரவில்லை.

‘இயற்கை அப்படித்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

பால் கொடுக்கிறவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்று ஒரு காலத்தில் உளவியலாளர்களே நம்பினார்கள். 1950களில் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால் புட்டி இருந்தது. இன்னொன்றில் மெத்தென்ற துணி சுற்றியிருந்தது, பால் கிடையாது. குட்டிகள் கம்பித் தாயிடம் போய்க் குடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன. கொடூரமான சோதனை, படிக்கும்போதே வயிறு கலங்கும். ஆனால் பால்தான் எல்லாம் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

மனிதக் குழந்தைகளிடமும் பார்த்துவிட்டார்கள். ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே தொடர்ந்து கவனித்து, 1964-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழந்தை சிணுங்கியதும் சட்டென்று திரும்பிப் பார்த்து, அதோடு விளையாடுகிறவர் யாரோ அவரிடம்தான் ஒட்டுதல் பலமாக இருந்தது. ஊட்டுகிறவர் யார் என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டுதல் வந்திருந்தது. அதில் அப்பாக்கள் நிறையப் பேர்.

உங்கள் மூளையும் இதற்குத் தயாராகத்தான் இருக்கிறது. 2014-ல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் பெற்றோரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். தாயின் துணை இல்லாமல் தாங்களே குழந்தையை வளர்த்த அப்பாக்களிடம், ஆபத்தைக் கண்டு உஷாராகும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி தாய்மார்களிடம் இருந்த அளவுக்கே விழித்திருந்தது. அந்த இடத்துக்கும், அடுத்தவர் மனதை ஊகிக்க உதவும் பகுதிக்கும் இடையே உள்ள தொடர்பு, அப்பா நேரடியாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட நேரம் கூடக்கூட வலுவாகத் தெரிந்தது. நேரம் கொடுத்தவருக்கு வந்தது, தம்பி. நீங்கள் எங்கே கொடுத்தீர்கள்?

என் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா நோயில் விழுந்து நெடுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா அதுவரை தங்கையைக் கொஞ்சியதோடு சரி. பகலில் உறவுக்காரப் பெண்கள் வருவார்கள், அவள் அழுததும் அப்பா கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொள்வார்கள். ராத்திரி வாங்க ஆளில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். பாடத் தெரியாது, அதனால் மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடப்பார். அவள் அழுவாள், அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்புறம் ஒரு கட்டத்தில், எது பசி அழுகை, எது தூக்க அழுகை என்று அடுத்த அறையிலிருந்தே சொல்ல ஆரம்பித்தார். அம்மா வீடு திரும்பியதும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அம்மா அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

உங்களைப் போல அவரும் மகள் பேசட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு முறையும் அழுகை வந்ததும் கைமாற்றிவிடுகிறீர்கள். அப்பாவிடம் இருந்தால் அழுகை அடங்காது என்று அவளும் பழகுகிறாள், நீங்களும் பழகுகிறீர்கள், உங்கள் மனைவியும் பழகுகிறார். பிறகு மூவரும் சேர்ந்து அதற்கு இயற்கை என்று பேர் வைத்துவிடுகிறீர்கள்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், வருத்தம் குறையும். ஏழெட்டு மாதத்தில் பிரிவுப் பயம் தலைகாட்டும் பருவம் இது. அம்மா கண்ணிலிருந்து மறைந்தால் அலறுவது அவள் சரியாக வளர்கிறாள் என்பதற்கு அடையாளம். உங்களை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

நாளைக்கே ஒரு வேலையை முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீரின் சூட்டைப் பார்ப்பது, மாற்றுத்துணி எடுத்து வைப்பது, சோப்பு தீரப்போகிறது என்று கவனிப்பது எல்லாமே உங்கள் பொறுப்பு. மனைவி அந்த நேரத்தில் கொஞ்சம் வெளியே போய்விட்டு வரட்டும். மகள் அழுவாள். பசியில்லை, காய்ச்சலில்லை, எங்கும் வலியில்லை என்று பார்த்துக்கொண்டு, அவளைக் கையிலேயே வைத்திருங்கள், பேசிக்கொண்டே இருங்கள். கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டால் ‘நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்லுங்கள். ஃபோன் அடித்தால் எடுக்காதீர்கள். தண்ணீர் பக்கத்தில் குழந்தையை ஒரு நொடிகூட விட்டு நகரக் கூடாது.

அன்புடன்