டிபிபி சர்டிபிகேட்டுக்கு 1.75 லட்சம் கேக்கறாங்க, கட்டலாமா?

கேள்வி: திருப்பூர்ல 22 மெஷின் போட்டு ஜாப் ஒர்க்ல பீஸ் தச்சு குடுக்கறேன். எக்ஸ்போர்ட் கம்பெனில இருந்து "டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்டுக்கு (டிபிபி) ரெடியா இருங்க"ன்னு மெயில் வந்துச்சு. அடுத்த வாரமே ஒரு ஏஜென்ட் வந்து, டிபிபி சர்டிபிகேட், சாப்ட்வேர் எல்லாம் சேத்து 1.75 லட்சம், அட்வான்ஸ் 40,000, இப்ப எடுக்கலன்னா யூரோப் ஆர்டர் நின்னுடும்ங்கறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. ஒரு தையல் யூனிட்டுக்கு "டிபிபி சர்டிபிகேட்"னு ஒண்ணு கிடையவே கிடையாது. பாஸ்போர்ட்ங்கறது கம்பெனிக்கு குடுக்கறது இல்ல, பொருளுக்கு. ஒரு டீசர்ட் லேபிள்ல இருக்கற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணா அது எந்த நூல், எங்க சாயம் போட்டது, எங்க தச்சதுங்கற மாதிரி விவரம் வரணும், அவ்ளோதான்.

இதுக்கான ஐரோப்பிய சட்டம் 2024 ஜூலை 18-ல அமலுக்கு வந்துடுச்சு, அது உண்மை. ஆனா அது பொதுச் சட்டம். துணிக்குன்னு தனி விதி வரணும், அதுக்கு அவங்க திட்டத்துல போட்டிருக்கறதே 2027, அதுக்கப்புறமும் பொதுவா 18 மாசமாவது டைம் உண்டு. எப்படி கணக்கு போட்டாலும் 2028-க்கு முன்னாடி உங்க பீஸ்ல பாஸ்போர்ட் கட்டாயம் ஆகாது. 2027 பிப்ரவரில கட்டாயம் ஆகறது வண்டி பேட்டரி மாதிரி பெரிய பேட்டரிகளுக்கு. அந்த தேதியக் காட்டித்தான் ஏஜென்ட்டுங்க பனியன் கம்பெனிக்காரங்கள பயமுறுத்திட்டு திரியறாங்க.

அடுத்தது, பாஸ்போர்ட் போட வேண்டிய பொறுப்பு யாருக்குன்னா, யாரோட பேர்ல அந்த பொருள் அங்க விக்குதோ அவங்களுக்கு. பையர், அதாவது சரக்கு வாங்கற வெளிநாட்டு கம்பெனி, அவங்க பிராண்டுக்கு தச்சு குடுக்கற உங்களுக்கு இல்ல. நீங்க தர வேண்டியது டேட்டா மட்டும்.

இதுல ஒரே ஒரு விஷயத்துல உஷாரா இருக்கணும், திரும்பத் திரும்ப சொல்றேன். சொந்தமா ஒரு பேர் வச்சு, சொந்த லேபிள் அடிச்சு, ஆன்லைன்ல ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ நேரா அனுப்பறீங்கன்னா அப்ப நீங்கதான் உற்பத்தியாளர், விதி வந்ததும் பாஸ்போர்ட் உங்க தலைலதான். தச்சது நீங்களா, பக்கத்து யூனிட்டாங்கறது கணக்கு இல்ல, லேபிள்ல யார் பேருங்கறதுதான் கணக்கு. பகல்ல எக்ஸ்போர்ட் ஜாப் ஒர்க், ராத்திரி மீதி துணில சொந்த பிராண்ட்னு ஓட்டற பசங்க இப்ப நெறைய பேர் இருக்காங்க. ஒரே மெஷின், ஒரே டைலர், ஆனா சொந்த லேபிள்ல போற 200 பீஸுக்கு பொறுப்பு வேற, ஜாப் ஒர்க்ல போற 2,000 பீஸுக்கு பொறுப்பு வேற.

சரி, காச விடுங்க, உண்மைல எங்க அடி வாங்குவீங்கன்னா கட்டிங் டேபிள்ல. டையிங்ல இருந்து ரோல் வரும்போது துணி முனைல மார்க்கர்ல லாட் நம்பர், அதாவது எந்த தடவை சாயம் போட்ட துணிங்கற நம்பர், எழுதியிருக்கும். மாஸ்டர் லேயர் விரிக்கும்போது அந்த முனைய வெட்டி கட்டிங் வேஸ்ட்ல போட்டுடுவார். அந்த நிமிஷமே நூல், நிட்டிங், சாயம்னு அதுவரைக்கும் வந்த சங்கிலி அறுந்துச்சு. அப்புறம் எந்த சாப்ட்வேர் வந்தும் ஒட்ட வைக்க முடியாது. வெட்டறதுக்கு முன்னாடி அந்த நம்பர போன்ல போட்டோ எடுங்க, லே சீட்லயும் (துணி விரிச்சு வெட்டற கணக்கு எழுதற பேப்பர்) பண்டில் டிக்கெட்லயும் (வெட்டின பீஸ் கட்டுல கட்டற சீட்டு) எழுதச் சொல்லுங்க. உள்ள வர்ற டெலிவரி சலான்லயும் நீங்க திருப்பி அனுப்பற சலான்லயும் அதே லாட் நம்பர் இருக்கட்டும். எத்தன கிலோ வந்துச்சு, எத்தன பீஸ் போச்சு, வேஸ்ட் எத்தன கிலோ, இது லாட் வாரியா டேலி ஆகணும். ஒரு எக்ஸெல் சீட் போதும். இத ஒழுங்கா வச்சிருக்கற யூனிட்ட நான் இந்த வேலைல வந்ததுல இருந்து விரல் விட்டுத்தான் எண்ணியிருக்கேன்.

கியூஆர் கோடு இருந்தா எல்லாம் உண்மைன்னும் நம்பிடாதீங்க. 2020-ல ஆர்கானிக் பருத்தில நடந்தது ஞாபகம் இருக்கா, அரசாங்க சைட் மாதிரியே போலி சைட் கட்டி, போலி சர்டிபிகேட்ல இருந்த கியூஆர் அந்த சைட்டுக்கே போற மாதிரி பண்ணி, 20,000 டன் பருத்திய ஆர்கானிக்னு காட்டிட்டாங்க. ஆர்கானிக் துணிக்கு தரச் சான்று விதி வைக்கற காட்ஸ் (GOTS) அமைப்பு அப்ப 11 கம்பெனிகளுக்கு தடை போட்டுச்சு. பத்து டன் நூல் வாங்கி பதினஞ்சு டன் துணி வித்ததா ஒரு பேப்பர் சொன்னா, ஸ்கேன் எவ்ளோ அழகா ஓபன் ஆனாலும் அது பொய்.

எனக்கு இதுல வயிறு எரியறது வேற விஷயம். ஒரே ஈபி பில்ல பையருக்கு ஒரு போர்ட்டல்னு அஞ்சு எடத்துல ஏத்தச் சொல்றாங்க. 2011-ல ஐகோர்ட் சாயப்பட்டறைகள மூடச் சொன்னதுக்கப்புறம் கழிவுநீர ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிக்கற செலவ இந்த ஊர் தாங்குது. அந்த தண்ணி கணக்கு சுத்திகரிப்பு நிலையத்துல இருக்கு, அதக் கேட்டு வாங்கிக்க ஒரு பையருக்கும் தோணல. ஆனா பீஸ் ரேட்ல பத்து பைசா ஏத்திக் கேட்டா மட்டும் முகம் மாறுது.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, அந்த எக்ஸ்போர்ட் கம்பெனில உங்க ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசருக்கு பதில் மெயில் போட்டு, எங்ககிட்ட என்னென்ன டேட்டா வேணும், எந்த பார்மேட்ல, எந்த ஆர்டர்ல இருந்துன்னு கேளுங்க. அந்த வேலைக்கு சார்ஜ் யார் தர்றாங்கன்னும் அதுலயே எழுதிக் கேட்டுடுங்க. ஏஜென்ட்கிட்ட, எந்த சட்டத்துல எந்த பிரிவுல தையல் யூனிட்டுக்கு இந்த சர்டிபிகேட் கேட்டிருக்குன்னு லெட்டர்ஹெட்ல எழுதி கையெழுத்து போட்டு தரச் சொல்லுங்க.