நாய் செத்தது, நாடு சிரித்தது

வணக்கம் சார்,

பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜெரமி தார்ப்பாக ஹியூ கிராண்ட் நடித்த 'எ வெரி இங்கிலிஷ் ஸ்காண்டல்' தொடரைப் போன வாரம் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள்தான் உறுத்த ஆரம்பித்தது. ஜெரமி தார்ப்பை நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது, மனிதர் 2014இல் இறந்தும் போய்விட்டார். பதில் சொல்ல முடியாத ஒருவரைக் கொலைச் சதிகாரராகக் காட்டுவது நியாயமா? அதிலும் ஒரு கொலை முயற்சியைக் காமெடியாக எடுக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதல் கேள்வியில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவதில் பாதி உண்டு.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தார்ப் 1967 முதல் 1976 வரை பிரிட்டனின் லிபரல் கட்சித் தலைவர். 1974 பிப்ரவரித் தேர்தலில் அறுபது லட்சம் ஓட்டு வாங்கிக் கொடுத்து, கூட்டணி அரசு பற்றிப் பேசப் பிரதமர் ஹீத்தே கூப்பிட்டு அனுப்பிய ஆள். 1960களின் தொடக்கத்தில் தார்ப்போடு தனக்கு உறவு இருந்தது என்று நார்மன் ஸ்காட் என்பவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், வெறும் நட்புதான் என்று தார்ப் மறுத்தார். அந்த நாளில் ஆணும் ஆணும் உறவு கொள்வது இங்கிலாந்தில் குற்றம், 1967இல்தான் சட்டம் தளர்ந்தது. 1975 அக்டோபரில் எக்ஸ்மூரில், ஆளில்லாத சாலையில், ஆண்ட்ரூ நியூட்டன் என்ற விமானி ஸ்காட்டின் நாய் ரிங்காவைச் சுட்டுக் கொன்றார். அடுத்து ஸ்காட் பக்கம் திரும்பிய துப்பாக்கி வெடிக்கவில்லை. 1979இல் தார்ப்பும் இன்னும் மூன்று பேரும் கொலைச் சதி வழக்கில் லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் நின்றார்கள், நாலு பேருக்கும் விடுதலை.

சரி, அந்த விடுதலைக்கு என்ன அர்த்தம்? அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவில்லை என்று பன்னிரண்டு ஜூரர்கள் முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். அது சட்டப்படி சரியான தீர்ப்பாகவும் இருக்கலாம். முக்கிய சாட்சியான பீட்டர் பெசல், தார்ப்பின் பழைய சகா, ஒரு பத்திரிகையோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்: தார்ப் விடுதலையானால் 25,000 பவுண்ட், தண்டனை கிடைத்தால் 50,000. இப்படி ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வழக்கு ஜெயிக்கும்? தார்ப்பின் வக்கீல் ஜார்ஜ் கார்மன் அந்த ஒப்பந்தத்தை வைத்தே பெசலைக் கிழித்துத் தொங்கவிட்டார். தார்ப் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லவே இல்லை. அது அவருடைய உரிமை, அதற்காக ஜூரி அவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் நாற்பது வருஷம் கழித்துக் கதை எழுதுகிறவருக்கு அந்தக் கட்டுப்பாடு எதற்கு? கூடவே குற்றம் சாட்டப்பட்டு விடுதலையான டேவிட் ஹோம்ஸ், கொலைக்குத் தூண்டினார் என்று தார்ப் மேல் இருந்த குற்றச்சாட்டு உண்மைதான் என்று 1981இல் ஒரு பத்திரிகையில் சொல்லியிருக்கிறார். தொடரில் தார்ப், ஸ்காட்டைக் கொல்வது சீக்கு நாயைச் சுடுவதை விட மோசமில்லை என்று சொல்கிற வசனம் நினைவிருக்கிறதா? நீங்கள் அது திரைக்கதை ஆசிரியரின் குறும்பு என்று நினைத்திருப்பீர்கள். அது பெசல் நீதிமன்றத்தில் கொடுத்த சாட்சியம்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன், எனக்கு முக்கியம் இதுதான்.

இந்த விஷயத்தைக் காமெடியாக்கியது 2018இல் தொடர் எடுத்தவர்கள் இல்லை. அப்போதே நாடு சிரித்தாயிற்று. செத்தது மனிதன் அல்ல, நாய். 1979 தேர்தலில் ஆபெரான் வா என்ற பத்திரிகையாளர் நாய்ப் பிரியர்கள் கட்சி என்று ஒன்றை வைத்துத் தார்ப்பின் தொகுதியிலேயே நின்று 79 ஓட்டு வாங்கினார். தார்ப் அந்தத் தேர்தலில் தோற்றார், அடுத்த வாரமே விசாரணை. அங்கே நீதிபதி கேன்ட்லி, ஜூரிக்கு வழக்கைச் சுருக்கிச் சொல்லும் தொகுப்புரையில், தன் பங்குக்கு நகைச்சுவை பண்ணினார். ஸ்காட் ஒரு மோசடிக்காரர், ஒட்டுண்ணி, புலம்பல் பேர்வழி என்று அடுக்கிவிட்டு, ஆனாலும் அவர் உண்மை சொல்லியிருக்கலாம் என்று ஒரு வால் சேர்த்தார். தார்ப்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சிறப்பான பொதுவாழ்வு கொண்டவர் என்று மரியாதை. தீர்ப்பு வந்த சில நாளிலேயே நகைச்சுவை நடிகர் பீட்டர் குக் அந்தத் தொகுப்புரையை மேடையில் நையாண்டி செய்தார், நிஜத்தை விடப் பெரிதாக மிகைப்படுத்த வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

ஆக, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி. 1979இல் நீதிமன்றத்தில் சிரிப்பு ஸ்காட்டின் மேல் விழுந்தது. ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதிய இந்தத் தொடர் அதை மேல்தட்டுக் கனவான்கள் பக்கம் திருப்புகிறது, கொலைக்கு ஆள் பிடிக்கத் தெரியாமல் தரைவிரிப்பு வியாபாரி, சூதாட்ட மெஷின் வியாபாரி என்று போகிறார்களே அங்கே. ஸ்காட் தார்ப்பிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு நேஷனல் இன்ஷூரன்ஸ் அட்டை. முதலாளி வாராவாரம் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டிய அட்டை அது, அது இல்லாதவனுக்கு ஒழுங்கான வேலையும் கிடைக்காது, அரசு உதவித்தொகையும் கிடைக்காது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு ஜோக் மாதிரி இருக்கும். எனக்கு அந்தத் தொடரிலேயே கோபம் வந்த இடம் அது. ஒரு எம்.பி. நினைத்திருந்தால் ஒரு மதியத்தில் முடித்துக் கொடுத்திருக்கக்கூடிய காரியம்!

நான் ஒத்துப்போகும் பாதி இது: உயிரோடிருக்கும் ஸ்காட்டுக்கே தொடரில் வந்த தன் சித்திரம் பிடிக்கவில்லை. தான் பலவீனமானவன் இல்லை, தன்னை அப்படிக் காட்டிவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஸ்காட்டாக நடித்த பென் விஷா அந்த வேடத்துக்காக எம்மி, கோல்டன் குளோப் எல்லாம் வாங்கினார், கடைசிக் கூண்டுக் காட்சியில் பிரமாதப்படுத்தினார், ஆனால் முதல் இரண்டு பகுதிகளில் ஸ்காட் வெறும் அழுமூஞ்சியாகத்தான் வருகிறார். இறந்த தார்ப்புக்கு ஹியூ கிராண்டின் வசீகரம் கிடைத்தது. அநியாயம் நடந்தது என்றால் இந்தப் பக்கம்தான், நீங்கள் கவலைப்படும் பக்கம் இல்லை.

இன்னொன்று. தார்ப்புக்குத் தண்டனை கிடைக்கும் என்று நம்பி பிபிசி 1979இல் ஒரு ஆவணப்படம் தயாரித்து வைத்திருந்தது. விடுதலை என்றதும் அதை முடக்கி, பிரதிகளை அழிக்கச் சொன்னார்கள். நிருபர் டாம் மேங்கோல்ட் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருந்ததால் 2018இல் இந்தத் தொடர் முடிந்த கையோடு ஒளிபரப்பானது. கிடைத்தால் பாருங்கள், அதில் யாரும் நடிக்கவில்லை. பார்த்த பிறகும் தார்ப்புக்கு அநியாயம் என்றே தோன்றினால் மறுபடி எழுதுங்கள், சண்டை போடலாம்.