எந்திர வரைபடம் கற்கத் தொடங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஆட்டோகேடில் (கணினியில் வரையும் மென்பொருள்) ஆரம்பிக்கலாமா, நேரே 3டி மென்பொருளுக்கே போய்விடலாமா?

பதில்: முதல் சில வாரங்களுக்கு இரண்டும் வேண்டாம். ஏ3 தாள் (297 × 420 மி.மீ.), 2எச் பென்சில் ஒன்று, எச்பி ஒன்று, ஒரு ஜோடி செட் ஸ்கொயர், காம்பஸ், ஸ்கேல். இவை போதும். கதவுக் கீல், எல் வடிவ பிராக்கெட் என்று கைக்குள் அடங்கும் பொருளை வெர்னியரால் (துல்லியமாக அளக்கும் கருவி) அளந்து முன், மேல், பக்கம் என்று மூன்று தோற்றங்களையும் வரையுங்கள். 3டி மென்பொருள் தோற்றங்களைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் முன்தோற்றத்தில் தெரியும் ஒரு விளிம்பு மேல்தோற்றத்தில் எங்கே விழும் என்று யோசிக்கும் பழக்கமே வராமல் போகும். அந்தப் பழக்கம் வந்த பிறகு எந்த மென்பொருளும் சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: பென்சில் ஏன் இரண்டு வகை?

பதில்: துணைக்கோடுகளை 2எச்-ல் மெலிதாகப் போட்டு, வடிவம் சரி என்று உறுதியான பிறகு வெளிக்கோட்டை எச்பி-யால் அழுத்தமாக வரைய வேண்டும். தடித்த கோடும் மெல்லிய கோடும் 2:1 விகிதத்தில் இருக்கட்டும். ஏ3 தாளுக்கு 0.5, 0.25 மி.மீ. பொருத்தம். கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளுக்கு மட்டும் தடித்த கோடு. அளவுக்கோடு, மையக்கோடு, செக்‌ஷன் சாய்கோடு (பொருளை வெட்டியதாகக் காட்டும் தோற்றத்தில் வெட்டுப்பட்ட பரப்பை நிரப்பும் கோடுகள்) எல்லாம் மெல்லியவை. எல்லாமே ஒரே தடிமனாக இருந்தால் பொருளின் விளிம்பு எது, அளவுக்கோடு எது என்று பட்டறையில் படிப்பவருக்குக் குழப்பம்தான்.

கேள்வி: ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்ட் ஆங்கிள் என்று தோற்றங்களைத் தாளில் அடுக்கும் முறைகள் இரண்டும் எனக்கு மாறி மாறிப் போகிறது. நினைவில் வைக்க வழி உண்டா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். தோற்றம் விழும் திரை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் பொருளுக்குப் பின்னால் திரை. மேலிருந்து பார்த்தது கீழே விழும். இடப்பக்கத்திலிருந்து பார்த்தது வலப்பக்கம் விழும். தேர்ட் ஆங்கிளில் உங்களுக்கும் பொருளுக்கும் நடுவே கண்ணாடித் திரை. மேல்தோற்றம் மேலேயே, இடத்தோற்றம் இடப்பக்கமே.

தலைப்புக் கட்டத்தில் (தாளின் மூலையில் டிராயிங்கின் விவரங்களை எழுதும் கட்டம்) வெட்டுக்கூம்பும் இரு வட்டங்களும் கொண்ட குறி இருக்கும். கூம்பின் சிறிய முனை வட்டங்களை விட்டு விலகி நின்றால் ஃபர்ஸ்ட் ஆங்கிள், வட்டங்களின் பக்கம் நின்றால் தேர்ட் ஆங்கிள். இந்தக் குறியைப் போடாமல் டிராயிங்கை அனுப்பவே கூடாது. இருபுறமும் ஒத்த பொருளில் இந்தப் பிழை வெளியே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் துளை உள்ள பொருளாக இருந்தால், கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறியே செய்து வரும்.

கேள்வி: ஒரு தகட்டில் 25 மி.மீ. இடைவெளியில் வரிசையாக 5 துளைகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே 25, 25 என்று போட்டேன். தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. அந்தத் துளைகள் என்ன வேலை செய்யப்போகின்றன என்பதைப் பொறுத்தது.

டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற அனுமதி) தனியாகக் குறிக்காத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768 என்ற சர்வதேசத் தர விதியின் நடுத்தர வகுப்பு பொருந்தும் என்று டிராயிங்கில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. அளவுக்கு ±0.2 அனுமதி. சங்கிலியாக நான்கு இடைவெளிகள் சேர்ந்தால், முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே ±0.8 வரை போகலாம். முதல் துளையை ஆதாரமாக வைத்து 25, 50, 75, 100 என்று கொடுத்தால் 100-க்கு ±0.3 மட்டுமே. ஐந்து துளைகளும் இன்னொரு பாகத்தின் ஐந்து திருகுகளோடு பொருந்த வேண்டுமானால் இந்த முறைதான் சரி.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. 50-க்கும் ±0.3 என்பதால், இரண்டாம் மூன்றாம் துளைகளுக்கு நடுவே ±0.5 வரை பிசகலாம். அடுத்தடுத்த துளைகளின் இடைவெளிதான் முக்கியம் என்றால் நீங்கள் போட்ட சங்கிலி முறையே மேல். எது முக்கியமோ அதை நேரடியாக அளவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் பெரிய தவறு. தனித்தனி இடைவெளிகளையும் மொத்த நீளத்தையும் எழுதினால் அவை ஒன்றோடொன்று முரண்படும். மொத்த நீளத்தைத் தகவலுக்காகக் காட்ட விரும்பினால் அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள்.

கேள்வி: அளவுக்கோடுகளை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும்?

பதில்: முதல் கோடு வெளிக்கோட்டிலிருந்து 10 மி.மீ., அடுத்தடுத்தவை 7 மி.மீ. இடைவெளியில். சிறிய அளவு உள்ளே, பெரியது வெளியே. மாற்றினால் கோடுகள் வெட்டிக்கொள்ளும். முழு வட்டத்துக்கு விட்டம், வில்லுக்கு ஆரம். புள்ளிக்கோட்டால் காட்டிய மறைந்த விளிம்புக்கு அளவு கொடுக்காதீர்கள். அங்கே ஒரு செக்‌ஷன் வெட்டிக் காட்டுங்கள்.

கேள்வி: செக்‌ஷனில் வெட்டுப்பட்ட எல்லாவற்றுக்கும் சாய்கோடு போடலாமா?

பதில்: கூடாது. ஷாஃப்ட், போல்ட், சாவி (ஷாஃப்டையும் சக்கரத்தையும் பூட்டும் சிறு கட்டை), ரிவெட், மெல்லிய ரிப் (வலுவூட்டும் தகடு) ஆகியவை நீளவாக்கில் வெட்டுப்பட்டாலும் சாய்கோடு இல்லாமல் விட வேண்டும். ரிப்புக்குச் சாய்கோடு போட்டால் அது கனத்த திண்மமாகத் தெரியும். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பாகங்களுக்கு 45 டிகிரியை எதிரெதிர்த் திசையில் போடுங்கள்.

கேள்வி: 20 எச்7 என்று துளைக்கு எழுதியிருக்கிறது. இதை எப்படிப் படிப்பது?

பதில்: துளை 20.000-லிருந்து 20.021 மி.மீ. வரை இருக்கலாம், 20-க்குக் கீழே போகக்கூடாது. எச்7 என்பது துளையின் டாலரன்ஸ் குறி, ஜி6 ஷாஃப்டுக்கானது. அதில் ஜி6 ஷாஃப்ட் போட்டால் ஷாஃப்ட் 19.980-லிருந்து 19.993 வரை. ஆக இடைவெளி குறைந்தது 0.007, அதிகம் 0.041. வழுக்கி நகரும் பொருத்தம் இது. தேவையில்லாத இடத்தில் எச்7 எழுதாதீர்கள். டிரில்லோடு முடியும் வேலை ரீமருக்கு (துளையைத் துல்லியமாகச் சீராக்கும் கருவி) போய்விடும்.

கேள்வி: ஆட்டோகேடில் 1:50 பிளான் பிரிண்ட் எடுத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. புள்ளிக்கோடும் முழுக்கோடாக வருகிறது.

பதில்: மாடல் ஸ்பேஸில் (ஆட்டோகேடில் பொருளை வரையும் இடம்) எப்போதும் 1:1 அளவில்தான் வரைய வேண்டும். தாளில் 2.5 மி.மீ. உயரம் வேண்டுமானால் மாடலில் எழுத்து 2.5 × 50 = 125 மி.மீ. இருக்க வேண்டும். புள்ளிக்கோட்டுக்கும் இதே காரணம்தான். லைன்டைப் ஸ்கேலைக் கூட்டுங்கள். வேறு கோப்பிலிருந்து கொண்டுவந்த பிளாக் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைபடம்) 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் அங்குலம், மில்லிமீட்டர் குழம்பியிருக்கிறது. யூனிட்டைத் திருத்துங்கள், கண்ணளவாக இழுத்துச் சரிசெய்யாதீர்கள்.

கேள்வி: வரைந்து முடித்த பிறகு சரியா என்று நானே எப்படிச் சோதிப்பது?

பதில்: பொருளை மறைத்து வைத்துவிட்டு, உங்கள் டிராயிங்கை மட்டும் பார்த்து இன்னொரு தாளில் திரும்ப வரையுங்கள். ஸ்கேலை எடுத்துத் தாளில் அளக்க வேண்டி வந்தால் அங்கே ஓர் அளவு விடுபட்டிருக்கிறது. இரண்டு அளவுகளைக் கூட்டியோ கழித்தோ பார்க்க வேண்டி வந்தால், அந்த அளவை நேராகக் கொடுப்பது நல்லதா என்று யோசியுங்கள். பிறகு துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் விட்டம், ஆழம், மையத்துக்கு இரு திசையிலும் அளவு இருக்கிறதா என்று டிக் போடுங்கள். கடைசியாகத் தலைப்புக் கட்டம்: ஸ்கேல் (வரைந்த விகிதம்), யூனிட், புரொஜெக்‌ஷன் குறி, பொருளின் உலோகம், பொது டாலரன்ஸ். இதில் உலோகத்தின் பெயர்தான் அதிகம் விடுபடுவது.